மறைப்பது கருணையன்று

புற்றுநோய் மருத்துவம் முடிந்து வீடு திரும்பவிருந்த பெரியவர் ஒருவரின் மகள், அண்மையில் என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளை, அவற்றுக்கு நிலையான வீடு அமையும்வரை தம் இல்லத்தில் வைத்துப் பேணுவது அவர் வழக்கம். அவ்வாறு பேணிய மூன்று குட்டிகள் பார்வோ வைரஸ் தாக்கி ஒரே வாரத்தில் இறந்துவிட்டன. "வீடு முழுக்க சானிட்டைசர் போட்டுத் துடைத்துவிட்டேன், டாக்டர். அப்பாவை அழைத்துப் போகலாமா?" என்று கேட்டார்.

நாய்களின் பார்வோ வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை, அவ்வச்சம் வேண்டியதில்லை. ஆயினும், ஆல்கஹால் கலந்த சானிட்டைசர் இவ்வைரஸை அழிக்காது. முதலில் சோப்பு நீரால் அழுக்கை முற்றிலும் நீக்க வேண்டும். பின்னர், வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்கை 30 பங்கு நீரில் கலந்து, தரை 10 நிமிடமேனும் ஈரமாயிருக்கும்படி விட வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும். கழிவறை அமிலத்துடன் பிளீச்சை ஒருபோதும் கலக்கலாகாது. எழும் நச்சு வாயு நுரையீரலைத் தாக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் இப்பணியிலிருந்து விலகியிருப்பதே நலம். குட்டிகளின் கழிவில் மனிதரைத் தாக்கும் பிற கிருமிகளும் புழுக்களும் இருக்கக்கூடும்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு. அந்த மகள் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை. "சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பழிப்பார்களே" என்னும் கூச்சம். இதற்கிடையே மேலும் இரு குட்டிகளை ஏற்குமாறு அவருக்கு வேண்டுகோள் வந்திருந்தது.

மருத்துவமனையில் ஒரு வார்டில் தொற்று தோன்றினால், புதிய நோயாளிகளை அங்குச் சேர்ப்பதை நிறுத்துகிறோம், உரியவர்களுக்குத் தெரிவிக்கிறோம். அதனை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. வளர்ப்பு இல்லங்களுக்கும் இதுவே முறையென்பது என் கருத்து. குட்டிகளை அனுப்பிய அமைப்புக்கும், கால்நடை மருத்துவருக்கும், அண்மையில் அவ்வீட்டிலிருந்து குட்டி பெற்றுச் சென்றோருக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். உடனிருந்த குட்டிகளை 14 நாள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். மண்ணில் இவ்வைரஸ் பல மாதங்கள் உயிர்ப்புடன் நிலைக்கும். முற்றத்து மண்ணைத் தரையைப்போல் கழுவித் தூய்மையாக்கவும் இயலாது. எனவே, தடுப்பூசித் தவணைகள் நிறைவுறாத குட்டிகளை ஓராண்டேனும் அவ்வீட்டில் ஏற்காதிருத்தல் நன்று.

அதுவரை கருணைக்கு வழி அடைபட்டுவிடாது. தடுப்பூசி முழுமையாகப் பெற்ற வளர்ந்த நாய்களை, கால்நடை மருத்துவரைக் கலந்து ஏற்கலாம். நாய்க்குட்டிகளுக்குச் சில வார இடைவெளியில், 16 வார வயதைக் கடக்கும்வரை, தடுப்பூசி தொடர்வதற்கு உதவலாம்.

அன்று மாலையே அந்த மகள் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்விரு குட்டிகளும் வேறு வீட்டுக்குச் சென்றன. பராமரிப்போர் தளர்ந்து குற்ற உணர்வில் ஆழ்வதை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: நோய் வந்தது உங்கள் பிழையன்று, அதை மறைத்தால்தான் பிழை.