வேப் காயிலை வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள்

பண்ருட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். காடாம்புலியூர், மாளிகம்பட்டு பக்கத்துத் தோப்புகளிலிருந்து எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள் வரும். கோடை முடிகிறவரை கடையில் வார்னிஷ் நெடி அடங்காது. நடுநடுவே அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுடவைக்கும் ராடு, பேக்கரி அடுப்பின் காயில் என்று சூடு சம்பந்தப்பட்ட வேலைகளும் வரும். கம்பி எப்போது சூடாகும், எதனால் எரியும் என்பது எனக்குப் பழகிய விஷயம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாகக் கல்லூரிப் பையன்கள், சில சமயம் பள்ளிச் சீருடை போட்ட பையன்களும்கூட, உள்ளங்கைக்குள் மறைகிற ஒரு கருவியோடு கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, காயில் தீஞ்ச வாசனை அடிக்குது. நைக்ரோம் கம்பி இருந்தா மாத்திச் சுத்திக் குடுங்க" என்கிறார்கள். வேப் என்கிற மின் சிகரெட் அது. எத்தனை ஓம், எந்தக் கேஜ், மெஷ் காயிலா சுருள் காயிலா என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நான் சுற்றித் தருவதில்லை. தராததற்குக் காரணத்தையும் உட்காரவைத்துச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அந்தக் காரணத்தைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேப் கருவியில் இருப்பது மூன்றே சமாச்சாரம்: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு திரவம், நடுவில் பஞ்சைச் சுற்றிய ஒரு காயில். பஞ்சு திரவத்தை உறிஞ்சும். காயில் சூடானதும் திரவம் ஆவியாகும். கம்பி பெரும்பாலும் நைக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்தது. இல்லாவிட்டால் காந்தல் என்கிற, இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த கம்பி. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906ல் காப்புரிமை வாங்கிய நிக்கல்-குரோமியக் கலவைதான் இன்றுவரை ரொட்டி சுடும் டோஸ்டரிலும் முடி உலர்த்தும் கருவியிலும் உழைக்கிறது. அடுப்புக்கு உழைக்கப் பிறந்த கம்பி அது. அதன்மேல் வாயை வைத்து மூச்சிழுப்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

பையன்கள் "லோ ஓம் காயில்" என்று பெருமையாகச் சொல்வதன் கணக்கைப் பார்ப்போம். பேட்டரி 3.7 வோல்ட். காயில் 1.2 ஓம் என்றால் ஓடும் மின்சாரம் 3 ஆம்பியர், சூடு 11 வாட். அதையே 0.5 ஓமாகக் குறைத்தால் 7.4 ஆம்பியர், 27 வாட். என் மேசையில் ஈயம் உருக்கப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். அதில் 0.2 ஓம் காயிலைப் பூட்டினால் 21 ஆம்பியர், 88 வாட். தெருவில் கிடைக்கிற பெயர் தெரியாத பேட்டரி அந்தச் சுமையைத் தாங்கும் என்று எந்த எலக்ட்ரீஷியனும் கையெழுத்துப் போடமாட்டான். அதைப் பையில், சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

தீய்ந்த வாசனைக்கு வருவோம். வேப் திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முதலாவது 188 டிகிரியில் கொதிக்கும், இரண்டாவது 290 டிகிரியில். பஞ்சில் ஈரம் இருக்கிறவரை காயிலின் சூடு அந்த அளவை ஒட்டியே நிற்கும். ஈரம் தீர்ந்ததும் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. வாளியில் தண்ணீர் வற்றிய பிறகும் ராடை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், இங்கேயும் அதேதான். பஞ்சு கருகும், கிளிசரின் சிதையும். சிதைந்தால் வருவது அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்தக் கரிப்புக்குக் காரணம் அக்ரோலின். ஃபார்மால்டிஹைடு பிணவறையில் பயன்படுவது. தொண்டையில் சுரீரென்று படும் அந்த இழுப்புக்குப் பையன்கள் "டிரை ஹிட்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்துவிட்டால் பயம் போய்விடுகிறது.

"அதனாலதான் அண்ணா காயிலை அடிக்கடி மாத்தணும், புதுக் காயில்ல சொட்டு விட்டுப் பஞ்சை ஊறவெச்சு அப்புறம் இழுக்கணும், இனிப்பு ஜாஸ்தியா இருக்கற ஜூஸ் போடக்கூடாது" என்று எனக்கே பாடம் எடுத்தான் ஒருவன். அவன் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை கிடையாது. இனிப்பூட்டி காயிலில் கறுத்துப் படியும். ஊறாத பஞ்சு முதல் இழுப்பிலேயே கருகும். கருகல் குறைய வழி சொல்கிறான், அவ்வளவுதான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் வேப் இழுக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் காயிலைத் தொட்டு ஆவியாக வெளியே வந்தபோது ஈயம், குரோமியம், நிக்கல் எல்லாம் கூடியிருந்தன. காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் ஆவியில் உலோகம் இன்னும் அதிகமாக இருக்கும் போக்கும் தெரிந்தது. பழைய காயிலில் கருகல், புதுக் காயிலில் உலோகம். பராமரிப்பு என்று பையன்கள் நம்புகிற வேலையின் நிலவரம் இது. மூச்சோடு உள்ளே போகும் நிக்கல் சேர்மங்களையும் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் வைத்திருக்கிறது.

என் தொழிலில் ஒரு கம்பி தேய்ந்தால் அது எங்கே போயிற்று என்று கவலைப்பட வேண்டியதில்லை, காற்றோடு போகும். இங்கே காற்று போகிற இடம் பதினேழு வயதுப் பிள்ளையின் நுரையீரல்.

சிகரெட்டைவிட இது பரவாயில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை, ஏற்கெனவே சிகரெட்டில் மாட்டிக்கொண்ட பெரியவர்கள் அதை விடுவதற்கு வேப்பைப் படியாகப் பயன்படுத்தலாம் என்கிறது. அதே துறை, புகைக்காதவர்களும் பிள்ளைகளும் இதைத் தொடவே கூடாது என்றும் சொல்கிறது. அங்கே நிக்கோட்டினுக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. என் கடைக்கு வருகிறவர்களோ வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவர்கள். பலாப்பழ வாசனை, மாம்பழ வாசனை என்று ஆரம்பித்தவர்கள். சித்திரை பிறந்தால் ஊரே பலா மணக்கிற பண்ருட்டியில், அந்த வாசனையைப் புட்டியில் அடைத்து நிக்கோட்டினோடு விற்கிறார்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை. தின்பதற்குப் பாதுகாப்பான வாசனைப் பொருள் சூடாக்கி மூச்சிழுக்கவும் பாதுகாப்பானது என்று அர்த்தமாகாது.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாடு 2018லேயே தடைசெய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18ஆம் தேதி அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்து, அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். விற்பதற்காகச் சேர்த்து வைத்தாலும் ஆறு மாதம்வரை சிறை உண்டு. இழுப்பவனைத் தண்டிக்கத் தனிப் பிரிவு கிடையாது. அது சரியென்றே நினைக்கிறேன். பிள்ளைகளைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்து எந்தப் பழக்கத்தையும் மாற்ற முடியாது. ஆனால் தடையால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒரு சாதாரண ராடு ஹீட்டருக்குக்கூட ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்தக் கருவியோ ஒளிந்து வருவதால் காயிலில் என்ன கம்பி, திரவத்தில் எவ்வளவு நிக்கோட்டின் என்று கேட்க ஆளில்லை. சிங்கப்பூரில் வேப் திரவத்தில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தையே கலந்து விற்றார்கள். அதனால் 2025 செப்டம்பரில் அங்கே சட்டத்தை இறுக்கினார்கள். அந்த நாட்டில் வேப்பை வைத்திருந்தாலே குற்றம். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டவர் வேலை அனுமதியை இழந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். நம் மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறட்டும்.

பள்ளிகளில் நடக்கும் போதை எதிர்ப்புக் கூட்டங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி போகிறார்கள். நல்லதுதான். அங்கே காயிலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு அதன் ஓம் கணக்குத் தெரிந்திருக்கிறது, புத்தி சொல்ல வருபவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்திலேயே அவர் பேச்சு எடுபடாமல் போகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம் இருக்கிறது. ஓம் விதியும் ஜூலின் வெப்ப விதியும் அதிலேயே வருகின்றன. வெப்பக் கருவிகளில் நைக்ரோம் ஏன் என்ற கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. பறிமுதலான கருவி ஒன்றைப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பில் பிரித்துக் காட்டலாம். கருகிய பஞ்சையும் கறுத்த கம்பியையும் ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மேசைக்கு மேசை அனுப்பலாம். மாவட்டக் கல்வி அலுவலகமும் காவல்துறையும் மனது வைத்தால் இதற்குச் செலவே கிடையாது.

என் தொழிலைச் செய்யும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு முழம் நைக்ரோம் கம்பிக்குக் கிடைக்கும் காசு ஒரு டீக்குக்கூட வராது. வேப்புக்கென்று கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். பெற்றோர்களே, பென் டிரைவ் மாதிரியோ மார்க்கர் பேனா மாதிரியோ இருக்கும் எதையாவது பிள்ளை சார்ஜ் போட்டால் என்னவென்று கேளுங்கள், அடிக்காமல் கேளுங்கள். விட நினைக்கிற பிள்ளைக்கு அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எண் 1800 11 2356.