பழைய காதல் கதைகள் ஏன் இன்னும் ஓடுது? பாரதிதாசன் முதல் ஜேன் ஆஸ்டின் வரை!

புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருந்து பைக்கை எடுத்தா, கொஞ்ச நேரத்தில் பெருமாள் கோயில் தெரு வந்துடும். பாரதிதாசன் வாழ்ந்த வீடு அங்கதான் அருங்காட்சியகமா இருக்கு. 'புரட்சிக்கவிஞர்' எழுதிய காதல் கதை ஒண்ணு 1950லயே சினிமாவா வந்தது பலருக்குத் தெரியாது. கவிதை 'எதிர்பாராத முத்தம்', படம் 'பொன்முடி'.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். நரசிம்மபாரதியும் மாதுரி தேவியும் நெருங்கி நடித்த காட்சிகளுக்கு அப்போ கடும் விமர்சனம் வந்தது. இத்தனைக்கும் கதை என்ன? உறவுக்காரக் குடும்பங்கள் பகையாகிடுது. நடுவில் பொன்முடியும் பூங்கோதையும் மாட்டிக்கிறாங்க. பெரியவங்க சண்டையில் சின்னவங்க காதல் நசுங்குறது இன்னைக்கும் செய்தியா வந்துட்டுத்தானே இருக்கு!

தடை இல்லைன்னா கதை இல்லை

காதல் கதை நிக்கிறது காதலால மட்டும் இல்ல, குறுக்கே வர்ற தடையால. விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடரா எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாவலில் நாதஸ்வரக்காரருக்கும் நாட்டியக்காரிக்கும் நடுவில் நிக்கிறது வித்தை கர்வம். கூடவே, வசதியான இடமாப் பார்க்கும் அம்மா. 1968ல் ஏ.பி.நாகராஜன் படமாக்கினப்போ சிவாஜியும் பத்மினியும் பேசாமலே முறைச்சுக்கிட்ட இடங்கள்தான் ரசிகர்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

காரைக்குடிக்கு வந்த ஆஸ்டின்

1811ல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைத் தழுவித்தான் ராஜீவ் மேனன் 2000ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எடுத்தார். இங்கிலாந்தில் அப்பா செத்ததும் சொத்து அண்ணன் கைக்குப் போகுது. தமிழில் தாத்தாவோட உயிலால செட்டிநாட்டு வீடே போயிடுது. ஏமாத்திட்டுப் போற காதலன் அங்க பணக்காரப் பொண்ணைத் தேடுறான். இங்க அப்பாஸ் நிதி நிறுவனம் நடத்தி நொடிச்சுப் போறார். நிதி நிறுவனத்தில் பணத்தைத் தொலைச்ச குடும்பங்களுக்கு இதை விளக்கணுமா என்ன? கர்னல் பிராண்டன் பாத்திரம், இலங்கைக்குப் போய் காலை இழந்து திரும்பிய மேஜரா மம்மூட்டிக்கு வந்தது. வெறும் மொழிபெயர்ப்பா எடுத்திருந்தா படம் அந்நியமாவே இருந்திருக்கும்.

'பொன்னியின் செல்வன்' வேற ரகம். அது சரித்திர நாவல்தான். ஆனா 2022, 2023ல் வந்த இரண்டு பாகங்களிலும் தியேட்டரை விட்டு வந்தவங்க அதிகம் பேசினது ஆதித்த கரிகாலன் - நந்தினி பற்றித்தானே!

யார் வேணாலும் எடுக்கலாமா?

இதில் சட்டமும் உண்டு. கல்கி, பாரதிதாசன் இருவர் எழுத்தையும் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அதனாலதான் 'பொன்னியின் செல்வன்' இத்தனை பதிப்பகங்களில், இத்தனை விலைகளில் கிடைக்குது. 'எதிர்பாராத முத்தம்' கதையையும் புதுசா ஒரு இயக்குநர் எடுத்துப் பார்க்கலாம். முத்தக் காட்சிக்கு இப்போ அவ்வளவு எதிர்ப்பு வராது. குடும்பப் பகைக்கு என்ன காரணம்னு படம் சொல்லப் போகுதோ, சிக்கல் அங்கதான் ஆரம்பிக்கும்.