நிதி யாருக்கு? ஈராக்கின் தொலைபேசிக் கம்பிகள் சொல்லும் பாடம்



"கோடிக்கணக்கில் நிதி ஒதுக்கப்பட்டது" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி நினைவுக்கு வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு விஷயமாக அங்கே போயிருந்தேன். வாசலில் 'கணினி அறை' என்று பெயர்ப்பலகை. உள்ளே பெட்டி பிரிக்காத கணினிகள். மின்கம்பி இழுக்கும் குத்தகை வேறொருவருக்காம். அவர் வரவே இல்லை. காகிதத்தில் வேலை முடிந்துவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது. பள்ளியின் ஜாகா என்னிடம் சொன்னார்: "கம்பூட்டர் வந்துடுச்சு சார், கரண்டுதான் வரல."

ஒரு சின்னப் பள்ளிக்கே இந்தக் கதி என்றால், போரில் நொறுங்கிப் போன ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி டாலர் ஒதுக்கினால் என்ன நடக்கும்? இதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஈராக்.

உக்ரேன், காஸா என்று இன்று மறுபடியும் 'மறுசீரமைப்பு நிதி' பேசப்படுகிறது. அதனால்தான் இந்தப் பழைய கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கும் ஈராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கடைசிவரை படியுங்கள். சம்பந்தம் உண்டு.

குண்டு விழும்போதே குத்தகைப் பேச்சு

சதாம் உசேன் ஆட்சியில் ஈராக் மக்களுக்குக் கைத்தொலைபேசிச் சேவையே கிடையாது. இருந்தது கம்பித் தொலைபேசி மட்டும். 1991-ஆம் ஆண்டுப் போரில் தொலைபேசி நிலையங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. பிறகு வந்த பொருளாதாரத் தடையால் உதிரிபாகங்கள் கிடைக்காமல் திண்டாடினார்கள். 2003 மார்ச்சில் மறுபடியும் போர். பாக்தாத்தின் முக்கியத் தொலைபேசி நிலையங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. ஒரே நகரில் இருக்கும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வழியில்லை.

அந்த நேரத்தில் வாஷிங்டனில் என்ன பேசினார்கள் தெரியுமா? போர் தொடங்கி ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேரல் ஈசா, ஈராக்கில் அமையப் போகும் கைத்தொலைபேசிச் சேவைக்கு அமெரிக்க நிறுவனமான குவால்காமின் சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். ஐரோப்பாவில் பிறந்த ஜிஎஸ்எம் தொழில்நுட்பம் வரக்கூடாதாம். ஈராக்கைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் ஜிஎஸ்எம் பயன்படுத்துகின்றன என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்து யார் கம்பம் நடுவது என்ற பேச்சு! நல்ல வேளையாக, கடைசியில் ஜிஎஸ்எம்தான் வந்தது.

2003 ஏப்ரலில் மின்சாரம், தண்ணீர், துறைமுகம் போன்றவற்றைச் சரிசெய்ய பெக்டெல் நிறுவனத்திற்கு 68 கோடி டாலர் வரையிலான குத்தகை கிடைத்தது. தொலைபேசி நிலையங்களைச் சரிசெய்யும் வேலையும் பிறகு அதற்குள்தான் வந்தது. திறந்த டெண்டர் இல்லை. ஒரு சில அமெரிக்க நிறுவனங்களை மட்டும் அழைத்துக் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், போரை எதிர்த்த பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா போன்ற நாடுகளின் நிறுவனங்கள் முதன்மைக் குத்தகைக்கு மனுப் போடவே முடியாது என்று அமெரிக்கத் தற்காப்புத் துறை அறிவித்தது.

இதற்கிடையில் 2003 ஜூலையில் பஹ்ரைன் நாட்டின் பட்டேல்கோ நிறுவனம் பாக்தாத்தில் தானாகவே கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் உரிமம் இல்லை என்று ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த உரிமம் கொடுக்கும் வேலை அக்டோபர் மாதம்தான் முடிந்தது. வடக்குக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று மூன்று நிறுவனங்கள். அந்த மூன்றுமே அமெரிக்க நிறுவனங்கள் அல்ல. எகிப்து, குவைத், ஈராக் முதலாளிகள்தாம் முன்னால் நின்றார்கள்.

சொந்தப் பணத்தை உதவி என்றார்கள்

இங்கேதான் வழக்கறிஞனாகிய என் கண்ணில் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஈராக்குக்கு 'உதவி' என்று சொன்ன பணத்தில் பெரும்பகுதி ஈராக்கின் சொந்தப் பணம்.

2003 மே 22-ஆம் தேதி ஐநா பாதுகாப்பு மன்றம் 1483-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி 'ஈராக் மேம்பாட்டு நிதி' உருவானது. எண்ணெய் விற்ற பணமும், வெளிநாடுகளில் முடக்கப்பட்டிருந்த ஈராக்கின் சேமிப்பும் அதில் சேர்ந்தன. அந்தப் பணத்தைச் செலவு செய்யும் அதிகாரம் யாருக்கு? ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு!

ஏறத்தாழ 1,200 கோடி டாலர், ரொக்கமாக, நோட்டுக் கட்டுகளாக, நியூயார்க்கிலிருந்து விமானத்தில் பாக்தாத்துக்குப் போனது. நோட்டுகளின் எடை மட்டும் 363 டன். இது 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்த கணக்கு. அதற்கு முன்பே, 2005 ஜனவரியில், அமெரிக்க அரசாங்கமே நியமித்த சிறப்புத் தலைமைக் கண்காணிப்பாளர் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டார். ஈராக் அமைச்சுகளுக்குக் கொடுக்கப்பட்ட 880 கோடி டாலர் முறையாகச் செலவானதா என்று உறுதி செய்யக்கூடிய கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அதில் சொன்னார்.

அதே தீர்மானம் இன்னொன்றையும் சொன்னது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் 5 சதவீதத்தை, 1990-இல் குவைத்தைப் பிடித்ததற்கு இழப்பீடாகச் செலுத்த வேண்டும். குவைத் மக்களுக்கு நியாயம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்தவன் சதாம். கட்டியது யார்? மின்சாரம் இல்லாமல் புழுக்கத்தில் கிடந்த பாஸ்ரா கூலித் தொழிலாளி. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை கட்டி முடிந்தபோது ஆண்டு 2021.

அறிவித்தது எவ்வளவு? போய்ச் சேர்ந்தது எவ்வளவு?

2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஈராக் மறுசீரமைப்புக்கு 1,840 கோடி டாலர் ஒதுக்கியது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்துச் செய்தி. ஆனால் 2004 ஜூன் மாத இறுதியில், ஆக்கிரமிப்பு நிர்வாகம் மூட்டை கட்டியபோது, அதில் உண்மையில் செலவாகியிருந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. செப்டம்பர் மாதத்தில், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து பெரும் தொகையை எடுத்துப் பாதுகாப்புச் செலவுக்கு மாற்றினார்கள்.

மருத்துவ நிலையங்களின் கதையைக் கேளுங்கள். நாடு முழுக்க சுமார் 150 சிறு மருத்துவ நிலையங்கள் கட்டுவதாகத் திட்டம். 18.6 கோடி டாலர் செலவானது. 2006 ஏப்ரலில் தணிக்கையாளர் போய்ப் பார்த்தபோது கட்டி முடிந்திருந்தவை ஆறு. ஆறே ஆறு!

2013 மார்ச்சில் அந்தத் தலைமைக் கண்காணிப்பாளர் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தார். அமெரிக்கா செலவிட்டது சுமார் 6,000 கோடி டாலர். அதில் குறைந்தது 800 கோடி வீணானது.

சிலர் சொல்வார்கள்: "அங்கே தினமும் குண்டு வெடித்தது. பொறியாளர்களும் தொழிலாளர்களும் செத்தார்கள். எப்படி வேலை நடக்கும்?" இதில் உண்மை இருக்கிறது. இன்னொரு உண்மையும் உண்டு. 2003-இல் ஏறத்தாழ பூஜ்யமாக இருந்த கைத்தொலைபேசிச் சந்தாதாரர் எண்ணிக்கை 2008 வாக்கில் ஒரு கோடியைத் தாண்டியது. அதே குண்டுகளுக்கு நடுவில்தான் இதுவும் நடந்தது. 2007-இல் புதிய உரிமங்களை ஏலம் விட்டபோது மூன்று நிறுவனங்கள் ஆளுக்கு 125 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. மொத்தம் 375 கோடி.

ஆக, லாபம் தரும் கோபுரங்கள் எழுந்தன. லாபம் தராத மின்சாரமும், தண்ணீரும், மருத்துவ நிலையமும் பின்தங்கின. ஏழைவீட்டுப் பையன் கையில் தொலைபேசி இருந்தது. அதற்குச் சார்ஜ் ஏற்ற மின்சாரத்தை அக்கம்பக்கத்து ஜெனரேட்டர்காரனிடம் காசு கொடுத்து வாங்கினான். தனியார் முதலீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியார் தொடாத இடத்தில் வேலை செய்யத்தானே பொது நிதி? அந்த இடத்தில் அது தோற்றது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கட்டிய கம்பியும் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில் வேலையும் மின்சாரமும் தண்ணீரும் கேட்டு ஈராக் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் இணையத்தைத் துண்டித்தது.

கங்காணிமுறை இன்னும் சாகவில்லை

இப்போது நமக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க நிறுவனத்துக்குப் பெரிய குத்தகை. அது குவைத் நிறுவனத்துக்குச் சிறு குத்தகை கொடுக்கும். அவர் ஜோர்டானில் ஓர் ஏஜெண்டைப் பிடிப்பார். அவர் காட்மாண்டுவிலும் கொழும்பிலும் மணிலாவிலும் ஆள் பிடிப்பார். மேலே தொடங்கிய டாலர் ஒவ்வொரு படியிலும் இளைத்து இளைத்து, கடைசியில் தொழிலாளியின் கையில் சில்லறையாக விழும். கடனை வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டியவன், கடன் தீரும்வரை ஊர் திரும்ப முடியாது.

நம் தாத்தா பாட்டிமார் கங்காணியின் துண்டைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறியது இப்படித்தானே? முன்பணம், கடன், கழிவு. பெயர் மட்டும் மாறியிருக்கிறது!

2004 ஆகஸ்டில் 12 நேப்பாளத் தொழிலாளர்கள் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் வேலை என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2006 ஏப்ரலில், குத்தகையாளர்கள் பிடுங்கி வைத்திருக்கும் தொழிலாளர்களின் கடப்பிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைத் தளபதியே உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அது பரவியிருந்தது. கடப்பிதழை முதலாளி பூட்டி வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? நம் ஊர் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் அயல்நாட்டுத் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பாதிக்கப்பட்டவன் வழக்குப் போடலாமே? அங்கேதான் கதவைச் சாத்தினார்கள். ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 17-ஆவது ஆணை, வெளிநாட்டுக் குத்தகையாளர்கள் குத்தகை வேலையில் செய்தவற்றுக்கு ஈராக் நீதிமன்றத்தில் பதில் சொல்லத் தேவையில்லை என்றது. 2009 தொடக்கத்தில் புதிய ஒப்பந்தம் நடப்புக்கு வரும்வரை இந்தக் கேடயம் இருந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டால்? மோசடி செய்ததாக ஜூரிகளே தீர்ப்புச் சொன்ன ஒரு நிறுவனத்தின் வழக்கில், 2006-இல் நீதிபதி அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியைத் தள்ளிவைத்தார். ஆக்கிரமிப்பு நிர்வாகத்திடம் கொடுத்த பொய்க்கணக்கு, அமெரிக்க அரசாங்கத்திடம் கொடுத்ததாக ஆகாது என்பது காரணம்! மேல்முறையீட்டில் அந்தக் கருத்து தவறு என்று சொல்லப்பட 2009 ஆனது. ஈராக் நீதிமன்றமும் இல்லை, அமெரிக்க நீதிமன்றமும் இல்லை என்றால் அந்தப் பணம் யாருக்குப் பதில் சொல்லும்?

இனி வரும் நிதிகளுக்கு நம் கேள்விகள்

2018 பிப்ரவரியில் குவைத்தில் நடந்த மாநாட்டில் ஈராக் 8,820 கோடி டாலர் தேவை என்றது. உறுதியளிக்கப்பட்டது சுமார் 3,000 கோடி. அதிலும் பெரும்பகுதி கடனும் முதலீடும்தான், இலவச நிதி அல்ல. உக்ரேனுக்குப் பத்து ஆண்டுகளில் 52,400 கோடி டாலர் தேவைப்படும் என்றும், காஸாவுக்கு 5,300 கோடி தேவைப்படும் என்றும் 2025 பிப்ரவரியில் உலக வங்கியும் ஐநாவும் ஐரோப்பிய ஒன்றியமும் மதிப்பிட்டன. அதன் பிறகும் இரண்டு இடங்களிலும் அழிவு தொடர்ந்தது.

காஸாவுக்கு உண்டியலில் காசு போட்ட கைகள் நம் வீடுகளிலும் உண்டு. அந்தக் கைகளுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. பெரிய படிப்பு தேவையில்லை. நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: இது இலவச நிதியா, கடனா, அல்லது அந்த மக்களின் சொந்தப் பணமா?

இரண்டு: குத்தகை திறந்த டெண்டரில் கொடுக்கப்பட்டதா? உள்ளூர்க்காரனுக்கு எத்தனை வேலை?

மூன்று: தணிக்கை அறிக்கை மக்கள் படிக்கும் மொழியில், மக்கள் கையில் கிடைக்குமா?

நான்கு: தவறு நடந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

இந்த நான்கிற்கும் பதில் இல்லாத நிதி, போரில் செத்தவர்களின் பெயரால் இருப்பவர்கள் பங்கு போடும் பணம்.

நம் பக்கத்துப் பள்ளிக்கு ஒதுக்கீடு வந்தால் அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கணக்கு கேட்பது குற்றம் அல்ல. கேட்காமல் இருந்ததால்தான் அந்தத் தோட்டப் பள்ளியில் கணினி வந்தும் கரண்டு வரவில்லை.

கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!