பியானோவிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு

பியானோ வால்ட்ஸ் ஒன்றை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றுவது வெறும் நகலெடுக்கும் வேலை என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜெர்மானியர் வெபர் 1819-ல் பியானோவுக்கு எழுதிய 'நடனத்திற்கு அழைப்பு' வால்ட்ஸை, 1841-ல் பாரிஸ் ஓபராவுக்காக ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்தவர் பிரெஞ்சுக்காரர் பெர்லியோஸ். டி-ஃபிளாட் மேஜரில் இருந்ததை அரை ஸ்வரம் உயர்த்தி, வயலின்களுக்கு வாகான டி மேஜருக்குக் கொண்டுவந்தார். ஆட அழைக்கும் ஆணின் குரலைச் செல்லோவிடம் கொடுத்தார். பியானோவில் தட்டிய ஸ்வரம் தேய்ந்துவிடும். செல்லோவில் வில் இழுக்கும்வரை நிற்கும். அந்த அழைப்புக்கு அதுதானே பொருத்தம்!

நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு தனித்தனியே கீபோர்டு, வயலின் கற்கிறார்கள். ஆண்டு விழாவில் ஒருவர் பின் ஒருவராக மேடையேற்றாமல், ஒரே பாட்டைப் பிரித்து அமைத்துக் கொடுப்போம். அடுத்தவர் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பழகுவார்கள்.