கேட்டறிதல் இழிவன்று

பெயர் தெரியாத செடியையோ பூச்சியையோ பழம்பொருளையோ காணும்போது, பிறரிடம் கேட்கப் பலர் தயங்குகின்றனர். கேட்டால் தம் அறியாமை வெளிப்பட்டுவிடும் என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் தேவையற்றது. அறியாமை குற்றமாகாது, கேளாமல் விடுவதால்தான் இழப்பு நேர்கிறது.

1938ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகக் காப்பாளரான மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர், மீன்பிடி கப்பலில் வந்திறங்கிய மீன்களிடையே நீலநிற மீன் ஒன்றைக் கண்டார். அதன் துடுப்புகள் சதைப்பற்றுடன் கால்களைப் போல் இருந்தன. அஃது எவ்வகை மீன் என அவருக்குத் தெரியவில்லை. உடனே அதன் உருவத்தை வரைந்து, மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலக்காந்து என்னும் மீன் அதுவே. அதற்கு இடப்பட்ட லாட்டிமேரியா என்னும் அறிவியற்பெயர், விடை கூறிய அறிஞரின் பெயரிலிருந்து வரவில்லை; வினவிய அம்மையாரின் பெயரிலிருந்தே வந்தது.

கைப்பேசியில் படம் எடுத்தால் விடை கிடைத்துவிடுமே, பிறரை ஏன் கேட்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். கைப்பேசி உதவும், ஆயினும் அது தவறுவதும் உண்டு. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் பாம்பும் கொடிய நஞ்சுடைய கட்டுவிரியனும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். ஆகவே அறியாத உயிரினத்தைத் தொடாமல் விலகி நின்று, பெரியோரிடம் கூற வேண்டும். அவர்கள் வழியாக வனத்துறையினரை அழைக்க வேண்டும்.

கேட்பதற்கும் முறை உண்டு. எங்கே, எந்நாளில் கண்டது, எவ்வளவு பெரியது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். செடியாயின் இலை, பூ, காய் ஆகியவற்றையும், பழம்பொருளாயின் அதிலுள்ள எழுத்தையும் தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் மட்டுமன்றிப் பலரிடமும் கேட்பது நன்று. தில்லியின் மேட்டுக்காட்டில் வளரும் முள்மரம் ஒன்றை அவ்வூர் மக்கள் ‘விலாயதி கீக்கர்’ என்பர். அதே மரத்தைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டி ‘சீமைக் கருவேலம்’ என்பார். ‘விலாயதி’, ‘சீமை’ ஆகிய இரு சொற்களும் அயல்நாட்டிலிருந்து வந்தது என்றே பொருள்படும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. இருவரிடமும் கேட்டவருக்கே இவ்வொற்றுமை விளங்கும்.

பழம்பொருள்களைப் பற்றிக் கேட்பதில் காலம் தாழ்த்தலாகாது. செடியும் மீனும் மீண்டும் கிடைக்கக்கூடும். ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தவரோ சிலரே. நியூசிலாந்தில் ஏறத்தாழ 1836ஆம் ஆண்டு, வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர் வெண்கல மணி ஒன்றைக் கண்டார். மாவோரி மக்கள் அதனை உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். அதன்மேல் இருந்தவை தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்பதைத் தமிழறிந்தோர் படித்துக் கூறினர். ஆனால், அது கடல் கடந்து அங்கு வந்தது எவ்வாறு என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அதனைக் கூறக்கூடியவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே மறைந்துவிட்டனர்.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பெட்டிகளிலும் இத்தகைய பொருள்கள் உறங்குகின்றன. பாக்குவெட்டி, உழக்கு, பல்லாங்குழிப் பலகை, பெயர் வெட்டிய பித்தளைத் தூக்கு எனப் பல இருக்கலாம். பல்லாங்குழியைப் பற்றி எந்நூலும் சொல்லும். தூக்கில் வெட்டப்பட்ட பெயர் யாருடையது, அஃது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தாத்தாவும் பாட்டியுமே சொல்வர். தில்லியிலோ மும்பையிலோ வளரும் பிள்ளைகள் அவர்களிடம் தயங்காமல் கேட்டு, கேட்டவற்றைத் தமிழில் எழுதி, அப்பொருளுடன் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் அடுத்த தலைமுறையின் கையிலும் அது பெயருடனும் ஊருடனும் இருக்கும்.