மலைச்சரிவு எச்சரிக்கை லைன் வீடுவரை வரவேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்:
இயக்குநர்,
கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம்,
யெலகங்கா, பெங்களூரு.

நகல்: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, பெங்களூரு; குடகு, தட்சிண கன்னட, உத்தர கன்னட மாவட்ட ஆட்சியர்கள்.

பொருள்: மலைச்சரிவில் சேறும் பாறையும் பாயும் வழிகளைக் கணித்து முன்னெச்சரிக்கை வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

குடகு, சுள்ளியா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூரு வந்தவர்கள் எங்கள் சங்கத்தினர். 2018 ஆகஸ்டில் மக்கந்தூரிலும் ஜோடுபாலாவிலும் மலை சரிந்தபோது ஊருக்குப் போன்கூடக் கிடைக்கவில்லை.

இப்போதைய வரைபடங்கள் மலை எங்கே உடையக்கூடும் என்று காட்டுகின்றன. உடைந்தது எதுவரை ஓடும் என்பதே எங்களுக்குத் தெரியவேண்டியது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் உச்சியில் உடைந்த மண், ஓடைவழியே பாறையும் மரமும் சேர்ந்து பெருத்து, முண்டக்கை, சூரல்மலையைத் தாண்டிப் பல கிலோமீட்டர் பாய்ந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூலை 16 அன்று, அங்கோலா வட்டம் ஷிரூரில் மலை இறங்கியது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை போனதோடு நிற்கவில்லை. மண் விழுந்த வேகத்தில் கங்காவளி ஆறு எழும்பி எதிர்க்கரை உளுவரே கிராமத்து வீடுகளையும் அடித்துப் போனது.

புவியியல் ஆய்வுத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் பத்து வீட்டு லைன் அதில் தெரியாது. எனவே ஓடைகள், பழைய சரிவுத் தடங்கள், சாலைக்கும் ஹோம்ஸ்டேக்கும் செங்குத்தாக வெட்டிய இடங்களை நேரில் நடந்து பார்த்து, தோட்டவாரியாகப் பாய்வழி வரைபடம் தயாரிக்க வேண்டும். மழையிலும் ஓடை நீர் திடீரென வற்றினால் மேலே அடைத்திருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே உண்டு. அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள்.

ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகள் வைத்திருப்பது தங்கள் மையத்தின் பலம். ஆனால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிற எச்சரிக்கை என்றால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அன்றைய மழையோடு முந்தைய நாட்களில் மண் குடித்த மழையையும் சேர்த்து, சரிவுவாரியாக எச்சரிக்கை அளவை நிர்ணயிக்கக் கோருகிறோம்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து சுள்ளியா ரப்பர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் கன்னடக் குறுஞ்செய்தி படிக்கத் தெரியாத முதியோர் பலர். எச்சரிக்கை தமிழிலும் ஒலிக்க வேண்டும். டவர் விழுந்தாலும் வேலை செய்யும் பேட்டரி சைரன் லைன்தோறும் வேண்டும். பருவமழைக்கு முன், மே மாதத்திலேயே, இரவு நேர ஒத்திகை ஒன்று நடத்த வேண்டும்.

எச்சரிக்கை நாளில் கூலி பிடிக்கக் கூடாது என்று தோட்ட நிர்வாகங்களுக்கு உத்தரவிடவும் மாவட்ட ஆட்சியர்களை வேண்டுகிறோம். கூலி போகும் என்றால் சைரன் அலறினாலும் ஆட்கள் மலையேறத்தான் செய்வார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
பெங்களூரு