கண்ணாடி கிடைக்குது, ரப்பர்தான் கிடைக்கல!

"ஆர்மி டிஸ்போசல் வண்டிக்கெல்லாம் கண்ணாடி கிடைக்காதுங்க."

எங்கள் பக்கம் பழைய ஜீப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வரி ரெடியாக வரும். கீழ்மலையில் தாண்டிக்குடியில் கேட்டாலும் இதே, மேல்மலையில் மன்னவனூரில் கேட்டாலும் இதே. இதைச் சொல்லிவிட்டு, வண்டிக்கு முன்னால் வீட்டு ஜன்னல் கண்ணாடியை மாட்டி, பின்னால் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறார்கள். அந்த வரி பொய் என்பதுதான் இந்தப் பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு ஜீப் கண்ணாடியில் என்னடா வேலை என்று கேட்கப் போகிற வகுப்புத் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள், நடுவில் காஸ்டிங் கணக்கு வருகிறது :-)

கொடைக்கானல் என்றால் ஏரி, தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பழனி மலை அதைவிடப் பெரிசு. பூம்பாறையில் பூண்டு (2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு), கூக்கால், கவுஞ்சிப் பக்கம் கேரட், உருளை, கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடியில் காப்பி, மிளகு, மலைவாழை. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டம் வரைக்கும் மூட்டையும் ஆளும் போக வேண்டுமென்றால் நாலு வீலும் இழுக்கிற வண்டி வேண்டும். அந்த வேலைக்குத்தான் ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகள் மலையேறின.

என்னென்ன வண்டி? முதலில் வில்லிஸ். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய அதே ஜீப். சுதந்திரம் வாங்கிய சில வருடங்களில் மஹிந்திரா அதன் வம்சத்தை இங்கேயே பூட்ட ஆரம்பித்தது. அடுத்து ஜோங்கா. நிசான் பேட்ரோலை ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை நம் படைக்காகச் செய்தார்கள். ஜோங்கா ஜப்பான் பெயர் இல்லை சாமி, 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி' என்பதன் முதலெழுத்துகள்! அப்புறம் நிசான் ஒன் டன். இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன் சக்திமான் லாரி, ஜெர்மனியின் மான் கம்பெனி லைசென்ஸில் அதே ஜபல்பூரில் 1996 வரைக்கும் வந்தது.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. முன்கண்ணாடி தட்டை. இன்றைய காரில் இருப்பதுபோல் வளைந்தது இல்லை. வளைந்த கண்ணாடியென்றால் அதற்கென்றே அச்சு வேண்டும், உலை வேண்டும், கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. தட்டைக் கண்ணாடிக்கு அந்தக் கவலை கிடையாது. ஷீட்டிலிருந்து வெட்டினால் ஆச்சு. போர்முனையில் உடைந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலேயே வெட்டி மாட்ட முடிகிற கண்ணாடி அது. 80 வருஷத்துக்கு முந்தைய வில்லிஸுக்கு வத்தலக்குண்டிலேயே கண்ணாடி வெட்டலாம். ஆனால் 15 வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வெளிநாட்டுக் காருக்குத் தேடிப் பாருங்கள், நாக்குத் தள்ளும். இதில் எது 'பழைய' வண்டி?

சரி, வெட்டலாம். எதை வெட்டுவது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் பெரியப்பாவின் ஜீப்புக்குப் போன வருஷம் கண்ணாடி போடப் போனோம். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) கேட்டதும் 5 மி.மீ. சாதாக் கண்ணாடியை எடுத்து டேபிளில் வைத்துவிட்டார்கள். "மலை வண்டிதானே தம்பி, ஸ்பீடா போவப்போறது?" என்று ஒரு தத்துவம் வேறு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஜீப்பில் கிளை அடித்தாலும் சாதாக் கண்ணாடி சாதாக் கண்ணாடிதான். கத்தி கத்தியாக உடையும். அது உடைகிற இடம் டிரைவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் நேர் எதிரே.

டஃபன் செய்தது அடுத்த ரகம். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பார்கள். உடைந்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிரும், வெட்டாது. கதவுக்கும் பக்க ஜன்னலுக்கும் அது சரி. ஆனால் முன்னால் போட்டால்? ஒரு கல் பட்டதும் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் வெள்ளையாக வலை பின்னிவிடும். பெருமாள்மலை மூடுபனியில், எதிரே லாரி ஏறி வரும்போது அந்த ஒரு நொடி போதாதா? இன்னொன்று, டஃபன் செய்த பிறகு வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. அட்டையில் அளவெடுத்து, வெட்டி, ஓரம் தேய்த்து, அதற்கப்புறம்தான் உலைக்கு அனுப்ப வேண்டும். கோயம்புத்தூரில் கட்டடக் கண்ணாடிக்கு இந்த வேலை தினமும் நடக்கிறது. ஜீப்பின் பக்கக் கண்ணாடி நாலு துண்டைச் சேர்த்து அனுப்புவதில் என்ன கஷ்டம்?

முன்னால் போட வேண்டியது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் அந்தப் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், விரிசல் வழியே பாதை தெரியும். பிரெஞ்சுக்காரர் பெனடிக்டஸ் 1909இல் பேட்டன்ட் வாங்கிய சரக்கு இது. காருக்குப் பரவுவதற்கு முன்பே முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடியின் கண் துவாரத்துக்குப் போனது. அதாவது, ராணுவக் கண்ணாடி என்றால் அசல் ராணுவக் கண்ணாடியே இதுதான்! நம்ம ஊர்க் கடைக்காரர்களும் இதை வெட்டுவார்கள். இரண்டு பக்கமும் கீறி, தட்டி விரிசல் விட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துப் படலத்தை இளக்கி, பிளேடால் அறுப்பார்கள். பார்க்கவே ஒரு வித்தை.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, கவனியுங்கள். கட்டடத்துக்கு வருகிற லேமினேட்டட்டில் 6.38 மி.மீ. என்று ஒரு ரகம். 3 + 3 கண்ணாடி, நடுவே 0.38 படலம். பழைய அங்குல அளவுச் சட்டத்தில் பள்ளம் கால் அங்குலமாக இருந்தால், அதாவது 6.35, இது அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். "பாத்தீங்களா, ஒரிஜினல் மாதிரியே!" என்று கடைக்காரர் சிரிப்பார். ஆனால் வண்டி முன்கண்ணாடிக்கு வழக்கமான படலம் 0.76. தலை போய் மோதினால் தாங்கிப் பிடிக்கிற வேலை அந்தப் படலத்துடையது, அதில் பாதியைக் குறைத்துவிட்டு அளவு சரியாக இருக்கிறதென்று சந்தோஷப்படுவதா? 0.76 படலம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண்ணாடியில் ஐ.எஸ். 2553 பகுதி 2 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாகனக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் அது.

சட்டம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி இதற்குத்தான் இருக்கிறது. முன்கண்ணாடியும் ஜன்னலும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் குறைந்தது 70 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் இந்த விதியை வைத்துத்தான். அப்போது ஊர் ஊராக நிறுத்தி ஃபிலிமைக் கிழித்தார்கள். ஜன்னல் கண்ணாடி போட்ட ஜீப்பை மட்டும் எவரும் நிறுத்திக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கறுப்பு கண்ணுக்குத் தெரியும், கண்ணாடியின் ரகம் தெரியாதே!

இப்போது ரப்பருக்கு வருவோம். உண்மையான பஞ்சம் இங்கேதான்.

கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து நிற்பது பீடிங். ஒரு பக்கப் பள்ளத்தில் தகரத்தின் விளிம்பு, மறு பக்கப் பள்ளத்தில் கண்ணாடி. பழைய பீடிங் இயற்கை ரப்பர் என்றால் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும், 7,000 அடி உயரத்து வெயில் சும்மா விடுமா? வெடித்த இடத்தில் ஐப்பசி மழை இறங்கும். தகரம் துருப்பிடிக்கும். துரு பொரிந்து மேலே எழும்பி ஒரே புள்ளியில் கண்ணாடியின் ஓரத்தை அழுத்தும். பிறகு ஒருநாள் சும்மா நிற்கிற வண்டியில் 'டிக்' என்று விரிசல் விடும். "கண்ணாடி சரியில்லப்பா" என்பார்கள். கண்ணாடி என்னய்யா செய்யும்? லேமினேட்டட் என்றால் ஓரத்தில் தண்ணீர் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும், அதுவும் ரப்பர் செய்த வேலைதான்.

பீடிங் கிடைக்காததால் சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கி அடைக்கிறார்கள். வினிகர் வாசம் வருகிற மலிவு ரகம் இருக்கிறதே, அந்த வாசமே அசிட்டிக் அமிலம். காய்கிற வரைக்கும் வெறும் தகரத்தை அரிக்கும். துருவை அடைக்கத் துருவை வாங்கி ஊட்டுகிற புத்திசாலித்தனம். இன்னும் சிலர் ரப்பர் மெதுவாக ஆகட்டும் என்று டீசலைத் தடவுகிறார்கள். ரப்பர் உப்பிப்போய் நாசமாகும். மாட்டுவதற்குச் சோப்புத் தண்ணீரும் பள்ளத்தில் சுற்றின கயிறும் போதும், உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ரப்பர் ஏன் கிடைக்கவில்லை? வண்டி பழசு என்பதாலா? இல்லை. பீடிங் என்பது பிழிந்தெடுக்கிற சரக்கு. முறுக்கு அச்சு மாதிரி ஒரு டை, அந்த வடிவத்தில் மீட்டர் மீட்டராக வரும். செலவெல்லாம் டையில்தான். ஒரு பேச்சுக்கு, டைக்கு 20,000 ரூபாய், ரப்பர் மீட்டருக்கு 150, ஒரு வண்டிக்கு 6 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால் ஆளுக்கு 10,900. எண்பது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 1,150. அதே ரப்பர், அதே டை. முதல் வருஷ காஸ்டிங் பாடத்தில் வருகிற நிலைச் செலவு, மாறும் செலவு, அவ்வளவுதான் விஷயம். இந்த 'கிடைக்காது' என்பது தட்டுப்பாடு கிடையாது, ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகக் கேட்பதன் விலை.

ரப்பர் தொழிலுக்கு நமக்கென்ன பஞ்சம்? மலையிறங்கினால் மதுரை, பெல்ட்டும் ஆயில் சீலும் செய்கிற பென்னர் கம்பெனியே அங்கேதான். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரமே நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை. பிலிப்பைன்ஸைப் பாருங்கள். போர் முடிந்து அமெரிக்கா விட்டுப்போன ஜீப்பை ஜீப்னியாக மாற்றி ஊரையே ஓட்டினார்கள். இன்று வில்லிஸின் பாடியையே புதிதாக அடித்து உலகத்துக்கு விற்கிற எம்.டி. ஹ்வான் என்ற நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. நம்மால் ஆறு மீட்டர் ரப்பர் பிழிய முடியாதா?

முடியாதபடி செய்வது இரண்டு கோஷ்டி.

ஒன்று, சேகரிப்பாளர் கோஷ்டி. பழைய கம்பெனி முத்திரை போட்ட அசல் கண்ணாடிதான் வேண்டும், அசல் ரப்பர்தான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைக்கிறவர்கள். அவர்கள் காசு, அவர்கள் ஆசை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் "அசல் கண்ணாடி இல்லேன்னா வின்டேஜ் பதிவு கிடைக்காது" என்று புரளி கிளப்புகிறார்களே, அது தப்பு. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியில் மாற்றக் கூடாது என்று சொல்வது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை. பாதுகாப்பான புதுக் கண்ணாடி போட்டதற்காக யாரும் பதிவை மறுக்க அதில் இடமில்லை.

அந்த விதியைப் பற்றியே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டிப் பத்து வருஷப் பதிவு வாங்கலாம். எந்த வண்டிக்கு? இருசக்கரம், அப்புறம் டிரைவரோடு ஒன்பது பேருக்கு மேல் போகாத பயணிகள் வண்டி. லாரிக்குக் கிடையாது! எல்லைக்குச் சாமான் ஏற்றிப்போன சக்திமான் எத்தனை வயசானாலும் சட்டத்தின் கண்ணில் பாரம்பரியம் ஆகாது. ஏதோ ஒரு ஜமீன்தார் கல்யாணத்துக்கு வாங்கின கார் ஆகும். ஜீப் ஆகலாம், ஆனால் தினசரி ஓடக் கூடாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும்தான் வெளியே வர வேண்டும். பூண்டு மூட்டை ஏற்றினால் போச்சு. உழைக்கிற வண்டிக்கு மரியாதை இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

இரண்டாவது, 'எடைக்குப் போடு' கோஷ்டி. என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். "டேய், பேசாம ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டுப் புதுசு வாங்கச் சொல்லு" என்றான் ஒருத்தன். யாரிடம் சொல்ல? ஒரு ஏக்கர் பீன்ஸ் போடுகிறவரிடமா? புது நாலு வீல் வண்டியின் விலையை ஒருதடவை ஷோரூமில் கேட்டுவிட்டு வரட்டும். புகை, பிரேக், எஃப்.சி. என்று பேசினால் நியாயம், எஃப்.சி.யில் தோற்கிற வண்டி ஓடக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இன்னும் பத்து வருஷம் ஓடப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டியை 'எப்படியும் சாகப்போற வண்டி' என்று சொல்லியே அதற்கு நல்ல கண்ணாடி போடாமல் விடுகிறோம். சாகப்போவது வண்டி மட்டும்தானா என்பதை அதில் தொங்கிக்கொண்டு போகிற காப்பித் தோட்டத்து அக்காக்களிடம் கேட்டிருக்கிறோமா?

ஆகவே மலை மக்களே, டிஸ்போசல் வண்டி வைத்திருக்கிற சித்தப்பா மாமாக்களின் பிள்ளைகளே, ஒரு உதவி. பழைய பீடிங்கைக் கழற்றினால் குப்பையில் போடாதீர்கள். மூலையில் வேண்டாம், நேராக ஓடுகிற இடத்தில், வெடிக்காத பகுதியாகப் பார்த்து நாலு அங்குலம் வெட்டி வையுங்கள். கண்ணாடியின் கனம், தகரத்தின் கனம், மொத்தச் சுற்றளவு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். டை செய்கிறவருக்கு அதுதான் வேண்டும். பெரியப்பா வண்டியின் துண்டு ஏற்கெனவே என் மேஜை டிராயரில் இருக்கிறது, பண்ணைக்காட்டிலிருந்து ஒரு ஜோங்காவின் துண்டும் வந்தாச்சு. சக்திமானுக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.